காலியாக விட்ட கட்டம்

ஜூலை 12

கண்ணு,

உன்னை விடுதியில் விட்டுவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடுதான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

போன் வேண்டாம், கடிதம்தான் என்று நீ சொன்னதை அப்பா டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். போனில் குரல் மட்டும் வந்தால் முகத்தை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாயாமே! "என் பொண்ணு நீதிபதிப்பா. எதையும் எழுத்துல குடுத்தாத்தான் எடுத்துக்குவா" என்று மற்ற டிரைவர்களிடம் ஒரே பெருமை.

அந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியவேண்டாம். டாக்டர் கொடுத்த சான்றிதழ் இங்கே என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஆறாம் வகுப்பில் அந்தத் தலைமையாசிரியையிடம் நம்பிச் சொன்னேன். மறுநாளே, "வேற நல்ல இடமாப் பாருங்கம்மா" என்று கையில் டி.சி.யைக் கொடுத்தாள். அந்த வாசலில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை. யாராவது கேட்டால், கூட்டம் பிடிக்காது, கூச்ச சுபாவம் என்று சொல். அதுபோதும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா

ஜூலை 20

அன்புள்ள அம்மா,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எனக்கு உண்மையாகவே ஆவல்தான்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். எப்படி இருக்கிறேன்: பாதி நன்றாக. சாப்பாடு: உணவுக்கூடத்தில் ஒரே நேரத்தில் இருநூறு பேர் எவர்சில்வர் தட்டை வைக்கிறார்கள். அந்தச் சத்தம் பல்லுக்குள் போகிறது. அதனால் இரண்டு நாற்பதுக்கு, எல்லோரும் போனபிறகு போகிறேன். சமையல்காரர் ஒரு தட்டை மூடி வைத்துவிடுகிறார். ஏன் என்று கேட்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்கிறது. தூக்கம்: நடைபாதைக் குழல்விளக்கு முனகுகிறது. ஐந்து மணிநேரம்.

அறைத்தோழிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. நான் பதில் சொல்லாவிட்டாலும் அவள் பேச்சு நிற்காது. அது எனக்கு வசதி.

பாறையியல் வகுப்பு மிகவும் நன்றாக இருக்கிறது. மாதிரிக் கற்கள் வைக்கும் அறையில் எண்ணூறு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கல், ஒரு சீட்டு. அங்கே யாரும் வருவதில்லை.

அந்த விஷயத்தைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லவேண்டுமா, பேசாமல் இருக்கவேண்டுமா? எது என்று எழுதுங்கள்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு
உங்கள் மகள்

ஜூலை 29

கண்ணு,

இருவரும் சௌக்கியம். அப்பாவுக்கு அதிகாலை வண்டி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இடுப்பு வலி என்கிறார். வாய்க்கு ஒரு வலியும் இல்லை.

பொய் சொல்லவேண்டாம், உனக்கு அது வராது. பேசாமல் இரு. வகுப்பில் முன்னும் பின்னும் ஆடாதே. கையை உதறவேண்டும் போல இருந்தால் பைக்குள் விட்டுக்கொள். யாராவது பேசினால் கண்ணைப் பார்க்க முடியாவிட்டாலும் நெற்றியைப் பார். நெற்றியைப் பார்ப்பதும் கண்ணைப் பார்ப்பதும் எதிரே நிற்பவருக்கு ஒன்றுதான். நான் சோதித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் இந்த வாரம் சலவை இயந்திரம் படுத்துவிட்டது. முந்நூறு விரிப்புகள் ஈரமாகக் கிடக்கின்றன. வேலை நடுவே வாசலில் போன் அடித்தாலே பகீர் என்கிறது. உன் விடுதி எண்ணோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது, ஆனால் எழுதிவிட்டேன்.

அடிக்கடி எழுது.
அம்மா

ஆகஸ்ட் 24

அன்புள்ள அம்மா,

நீங்களும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே மழை. மணற்கல்லை ஈரத்தில் பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன.

நீங்கள் வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் இந்தக் கடிதத்தில் பதில் எழுதவில்லை.

மகள்

செப்டம்பர் 2

கண்ணு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை விடு. உனக்கு என்ன ஆயிற்று?

நாலே வரி எழுதியிருக்கிறாய். போன கடிதத்தில் தட்டுச் சத்தத்துக்கே இரண்டு வரி எழுதியவள் நீ. சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் எழுதவில்லை என்று எழுதுகிறாய். வேறு பெண்ணாக இருந்தால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரு பொய்யைப் போட்டிருப்பாள், நானும் நம்பித் தொலைத்திருப்பேன்.

மனசு கேட்காமல் விடுதிக்குப் போன் செய்தேன். காப்பாளர் அம்மாள் உன் பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருக்கா... அறையிலதான் இருக்கா" என்றாள். அந்த இடைவெளியில் என் உயிர் போய் வந்தது.

யாராவது கை வைத்தார்களா? யாராவது கேலி செய்தார்களா? வெறும் ஆம், இல்லை என்றாவது எழுது.

அம்மா

செப்டம்பர் 13

கண்ணு,

தபால்காரர் இன்றும் எதிர்வீட்டோடு திரும்பிவிட்டார்.

அப்பா, "கிளம்பு, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறார். நான்தான் தடுக்கிறேன். நாம் பதறிக்கொண்டு போய் நின்றால், என்ன ஏது என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டி வரும். இப்படி நினைக்கிற அம்மாவை நீ எப்படி நினைப்பாயோ தெரியவில்லை.

நேற்று இரண்டு வார்டுகளின் துணியை மாற்றி அனுப்பிவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

ஒரு வரி போதும்.
அம்மா

செப்டம்பர் 19

அன்புள்ள அம்மா,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்குக் காரணம், நடந்ததை வரிசைப்படுத்த எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இனி வரிசையாக எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஆகஸ்ட் 19 அன்று செய்முறைத் தேர்வு. இரண்டாம் மாடி என்று போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்குத் தரைத்தளம் என்று மாற்றி ஒட்டினார்கள். நான் அந்தப் பலகையை ஏழு நாற்பதுக்கே பார்த்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டாம் மாடியில் காலி அறை. தேடிப் போய்ச் சேர்வதற்குள் பதினொரு நிமிடம் தாமதம். உள்ளே விட்டார்கள்.

நான்காவது கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தீ ஒத்திகைக்கான சைரன் ஒலித்தது. அது என் தலைக்கு நேர் மேலே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டேன். தேர்வுக் கண்காணிப்பாளர் குனிந்து, "ஏய், அங்க என்ன வச்சிருக்க? எந்திரி!" என்றாராம். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தோளையும் பிடித்து வெளியே இழுத்தார். நான் தள்ளினேன். அவர் அலமாரி விளிம்பில் விழுந்தார். புருவத்துக்கு மேல் மூன்று தையல். இரத்தத்தை நான் பார்த்தேன். பிறகு மாதிரிக் கற்கள் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 4 அன்று விசாரணைக்குழு. பதிவாளர், என் துறைத்தலைவர், இன்னும் ஒருவர். என் சேர்க்கைப் படிவத்தை மேசையில் வைத்திருந்தார்கள். அதில் ஒரு கேள்வி இருக்கிறது: "நீண்டகால நோய், குறைபாடு, சிறப்பு உதவித் தேவை ஏதேனும் உண்டா?" பக்கத்தில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'இல்லை' கட்டத்தில் டிக் இருந்தது.

பதிவாளர், "இது உன் கையெழுத்துதானேம்மா?" என்றார்.

"கையெழுத்து என்னுது. டிக் என்னுது இல்ல" என்றேன்.

"அப்ப யாரு போட்டது?"

"தெரியாது."

அது உண்மை. நான் அந்தக் கேள்வியைக் காலியாக விட்டிருந்தேன். எனக்கு இருப்பது நோய் இல்லை. குறைபாடா என்று தெரியவில்லை. உதவி சில நேரம் தேவை. மூன்று கேள்விகளுக்கு ஒரே பதில் கேட்டால் எப்படி டிக் போடுவது? அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். நான் எழுதியது கறுப்பு மை. டிக் நீல மை.

எனக்கு ஆட்டிசம் என்று அவர்களிடம் சொன்னேன். யாராவது கேட்டால் பேசாமல் இருக்கச் சொன்னீர்கள். ஆனால் பேசாமல் இருந்தால் நான் வேண்டுமென்றே அடித்தேன் என்று ஆகிவிடும். பதிவாளர், "இத்தனை நாள் மறைச்சிட்டு, மாட்டினதும் சொன்னா எப்படி நம்புறது?" என்றார். பொய்த் தகவல் தந்ததாக நிரூபணமானால் சேர்க்கை ரத்து. அடுத்த விசாரணை அக்டோபர் 14.

அம்மா, படிவத்தை உறையில் போட்டு அனுப்பியது நீங்கள். டிக் போட்டது யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அல்லது எழுதாதீர்கள். எழுதாவிட்டால், அன்றைக்கும் நான் தெரியாது என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

அப்பாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

மகள்

செப்டம்பர் 27

கண்ணு,

கடிதம் கிடைத்தது. அப்பாவின் வலி குறைந்திருக்கிறது.

உனக்குக் காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு அடைப்பான் நான்கு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவு நர்ஸ் கொடுத்தது, நல்ல ரகம். பழைய சாம்பல் நிறச் சட்டையையும் வைத்திருக்கிறேன். கழுத்துச் சீட்டை வெட்டிவிட்டேன், உறுத்தாது.

இங்கே வெயில் அதிகம். துணி சீக்கிரம் காய்கிறது. சலவை இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டார்கள்.

தைரியமாக இரு. கடவுள் பார்த்துக்கொள்வார்.

அம்மா

அக்டோபர் 4

அன்புள்ள அம்மா,

பொட்டலம் கிடைத்தது. சட்டை உறுத்தவில்லை. நன்றி.

நீங்கள் எழுதவில்லை. எனவே தெரியாது என்று சொல்வேன்.

ரேடியோ வேறு அறைக்குப் போய்விட்டாள். போகும்போது, "எனக்கு உன்மேல கோபமில்ல. எங்க வீட்ல பயப்படுறாங்க" என்று அழுதாள். என் கதவில் யாரோ 'ஜாக்கிரதை' என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். நாய் இருக்கும் வீட்டில் எழுதுவதுபோல. துடைத்தேன். மறுநாள் மறுபடி இருந்தது. இப்போது துடைப்பதில்லை.

நடைபாதையில் எதிரே வருகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்குகிறார்கள். நானும் ஒதுங்குகிறேன். இரண்டு பக்கமும் ஆள், நடுவில் யாரும் இல்லை. சாப்பாடு இரண்டு நாளாக இறங்கவில்லை. சமையல்காரர் தட்டை அறை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. முன்பெல்லாம் வயிற்று வலி என்று நினைத்துக்கொள்வேன்.

மகள்

அக்டோபர் 9

என் கண்ணே,

இதைத் தபாலில் போட்டால் தாமதமாகும். அப்பாவின் கூட்டாளி ஓட்டும் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

டிக் போட்டது நான்.

உறையில் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அந்தத் தலைமையாசிரியையின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கையில் துணிக்கிடங்கின் நீலப் பேனா இருந்தது. ஒரு நொடி வேலை. உன்னைக் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் கையெழுத்துக்கு மேலே என் பொய்யை வைத்துவிட்டேன்.

நீ கேட்டு எழுதியபோது காதுப் பஞ்சைப் பற்றி எழுதினேன் பார், அது அதைவிடக் கேவலம். எழுதாதீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நீ எனக்கு வழிவிட்டாய். அந்த வழியில் நான் நுழைந்தும் விட்டேன். போலீஸ், வழக்கு, வேலை போய்விடும் என்று பத்து நாளாக என்னென்னவோ நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று படித்தபிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீதிபதிகிட்ட போய் ஒத்துக்கடி" என்றார்.

என் மகளுக்கு ஆட்டிசம். மூன்றரை வயதில் டாக்டர் சொன்னார். பதினைந்து வருஷத்தில் இதை நான் என் கையால் எழுதுவது இப்போதுதான். சான்றிதழோடு பதினான்காம் தேதி காலை வருகிறேன். எனக்கு முன்னால் உள்ளே போய்விடாதே.

அம்மா

அக்டோபர் 23

அன்புள்ள அம்மா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தியைக் காப்பாளர் சொன்னார். நான் நலம். நேற்று முழுத் தட்டும் சாப்பிட்டேன்.

உங்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி வெளியே அனுப்பியபிறகு உள்ளே நடந்ததை நீங்கள் பேருந்து நிலையத்தில் கேட்டீர்கள். அங்கே இரைச்சலாக இருந்ததால் என்னால் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பதிவாளர் கேட்டார்: "போன தடவ தெரியாதுன்ன. இப்ப தெரியுங்கிற?"

"போன தடவ தெரியாது. ஒன்பதாம் தேதிக் கடிதத்துக்கு அப்புறம் தெரியும்."

"அம்மா மேல கோபமா?"

"ஆமா. ஜனவரி வரைக்கும் இருக்கும்னு நினைக்கிறேன்."

துறைத்தலைவர் இருமினார். அது சிரிப்பு என்று பிறகு யோசித்துப் புரிந்துகொண்டேன்.

அடுத்துக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்கள். தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. அவர் என்னைப் பார்க்காமல், "இந்தப் பொண்ணை அனுப்பிடுங்கன்னு நான் சொல்லல சார். ஆனா இவளப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான், "எனக்கும் உங்களப் பாத்தா பயமா இருக்கு சார்" என்றேன். "உங்களுக்கு அடிபட்டதுக்கு வருத்தப்படுறேன். என்னைத் தொடுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா நான் தள்ளியிருக்க மாட்டேன். ஆனா நீங்க சொன்னது சைரன்ல எனக்குக் கேட்டிருக்காது. அதனால யாரு என்ன செஞ்சிருந்தா சரியா இருந்திருக்கும்னு எனக்கு இன்னும் தெரியல."

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். தழும்பு அங்கேதான் இருந்தது, அதனால் கீழே பார்த்துவிட்டேன்.

முடிவு எழுத்தில் வந்துவிட்டது. சேர்க்கை ரத்தில்லை. ஓர் ஆண்டு கண்காணிப்பு. இன்னொரு சம்பவம் நடந்தால் மறுபடி குழு கூடும். ஜனவரியில் செய்முறைத் தேர்வைத் திரும்ப எழுதவேண்டும், சிறிய அறையில். அறை மாற்றமோ ஒத்திகையோ இருந்தால் முந்தின நாளே எனக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று துறைக்கு உத்தரவு. கண்காணிப்பாளர் வேறு தேர்வுகளுக்குப் போய்விட்டார். 'இன்னொரு சம்பவம்' என்ற சொல்லைத் தினமும் படிக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு விஷயம். நேற்று மாலை யாரோ கதவைத் தட்டினார்கள். சாக்பீஸ்காரர்கள் என்று நினைத்து நான் திறக்கவில்லை. கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. "நீ அவங்ககிட்ட எப்படிச் சொன்னே?" என்று எழுதியிருந்தது. நானும் சீட்டிலேயே பதில் எழுதித் தள்ளினேன். ஏழு சீட்டுகளுக்குப் பிறகு திறந்தேன்.

மாடியறையில் இருக்கும் பெண். புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. அவளுக்கும் ஆட்டிசம். ஒன்றரை வருஷமாக யாருக்கும் தெரியாது. மதியம் குளியலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். அலுவலகத்தில் சொல்லவேண்டும் என்கிறாள், அவள் அம்மா கூடவே கூடாது என்கிறார். "எங்கம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. அம்மாவாக இருப்பதைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். அவள் சம்மதத்தோடு அவள் அம்மாவின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதமுடியுமா, முடியாதா?

இப்படிக்கு
உங்கள் மகள்

நவம்பர் 1

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி எழுதும் கடிதம் இது. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். உங்கள் மகள் தங்கியிருக்கும் விடுதியில்தான் என் மகளும் இருக்கிறாள். பாறையைப் படிக்கிறாள். கண்காணிப்பாளரைத் தள்ளிவிட்ட பெண் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவளுடைய அம்மா நான்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவள் படிவத்தில் பொய் டிக் போட்டதும் நான். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் இருக்கிறேன். எவ்வளவு கறை வந்தாலும் வெளுத்து மடித்து அனுப்பிப் பழகிய கை.

உங்கள் பயம் வீண் என்று எழுத வரவில்லை. எனக்கு இன்றைக்கும் பயம்தான். அவளை ஓர் ஆண்டு கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். போன் அடித்தால் இப்போதும் பதறுகிறேன். சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

என் மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். விசாரணை அன்று என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு மெலிசு. அவள் குரல் கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல், சத்தமாக, அவள் வழக்கமாகப் பேசுகிற மாதிரியே. பயத்தில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவள் என்ன சொன்னாள், அவர்கள் என்ன கேட்டார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து அவள் வெளியே வந்து என் முன்னால் நின்றபோதும் கையை எடுக்கவில்லை. அவளே என் கையைத் தொட்டு இறக்கிவிட்டாள். தானாக யாரையும் தொடுகிற பெண் இல்லை அவள்.

உள்ளே அவள் பேசியதை இரண்டு வாரம் கழித்துக் கடிதத்தில்தான் படித்தேன். கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தும் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

உங்கள் மகள் குளியலறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நம்மிடம் அவர்கள் பொய் சொல்வதில்லை, நாம் கேட்காததைச் சொல்வதும் இல்லை.

அலுவலகத்துக்கு அவளோடு போவதென்று உங்களுக்கு எப்போது தோன்றினாலும் தேதியை மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். துணிக்கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். பேசத் தெரியாது, சும்மா கூட இருப்பேன். அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
ஒரு தாய்